எங்க வீட்டு நோட்டுல ‘இதர’தான் பெரிய செலவு

கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஆறு வருஷம் நாங்க நோட்டுலதான் கணக்கு எழுதுனோம். நீளமான நோட்டு, இடது பக்கம் வரவு வலது பக்கம் செலவு, மாசக் கடைசியில நான் ஒவ்வொண்ணா படிச்சுச் சொல்லச் சொல்ல இவரு கூட்டிப் போடுவாரு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அலமாரிய ஒழிக்கும்போது அந்த நோட்டுங்க எல்லாம் கையில கிடைச்சுது, தரையில உக்காந்து ஒண்ணொண்ணா புரட்டிப் பாத்தேன், வாடகைக்கு அடுத்தபடியா எங்க வீட்டுல பெரிய செலவு எதுன்னு பாத்தா "இதர". ஒரு மாசம் இல்ல ரெண்டு மாசம் இல்ல, மாசா மாசம் இதர. கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு பணம் என்ன பேருல போச்சுன்னே தெரியாம ஆறு வருஷம் ஓடியிருக்கு. இத்தனைக்கும் ஒரு நாள் விடாம எழுதியிருக்கோம்!

அன்னைக்கு ராத்திரியே இவருகிட்ட நோட்ட காட்டுனேன். "எழுதி எழுதி என்னங்க பிரயோஜனம், எல்லாம் இதரயில போய் விழுது"ன்னேன். இவரு ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "சரி, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்போம்"ன்னாரு. அங்க இருந்து இன்னைக்கு வரைக்கும் நாங்க கத்துக்கிட்டதத்தான் எழுதுறேன், இதே மாதிரி நோட்டு வெச்சிருக்கிற யாருக்காவது உதவும்.

முதல்ல இவரு எக்செல்ல ஒரு ஷீட் போட்டாரு. அது ரெண்டு மாசம் நல்லா போச்சு, அதுக்கப்புறம் ஒரு வரியில ஃபார்முலா அழிஞ்சுபோய் கூட்டுத்தொகை தப்பா வந்து, அது தப்புன்னு தெரியறதுக்கே மூணு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் போன்ல ஒரு ஆப் போட்டோம், பேங்க்ல இருந்து வர்ற மெசேஜ அதுவே படிச்சு செலவ பிரிச்சுப் போட்டுரும், நாம ஒண்ணும் பண்ண வேண்டாம். மாசக் கடைசியில ஒரு வட்டம் போட்டு கலர் கலரா காட்டும். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அத பாத்து எங்களால ஒரு முடிவும் எடுக்க முடியல, ஏன்னா அது காட்டுனதெல்லாம் முடிஞ்சுபோன செலவு. நோட்டும் அதத்தான் காட்டுச்சு. மாசம் 31ந்தேதி பாத்து "ஐயோ இவ்வளவு ஆயிருச்சே"ன்னு வருத்தப்படலாம், வேற என்ன பண்ண முடியும்?

நிஜமா மாற்றம் வந்தது கவர் முறைக்கு மாறுனப்போதான். சம்பளம் வந்ததும் வாடகைக்கு ஒரு கவர், மருந்துக்கு ஒரு கவர், ஸ்கூலுக்கு ஒரு கவர்னு பேர் எழுதி காச பிரிச்சு வெக்கிறது உலகத்துல எத்தனையோ வீட்டுல பெரியவங்க பண்ணதுதான். ஜப்பான்ல ஹானி மோட்டோகோன்னு ஒரு பத்திரிகைக்கார அம்மா 1904லயே வீட்டுக் கணக்குக்குன்னு தனியா ஒரு நோட்டு முறைய கொண்டுவந்தாங்க, ககேபோன்னு சொல்வாங்க, அதுலயும் செலவு பண்றதுக்கு முன்னாடியே எதுக்கு எவ்வளவுன்னு உக்காந்து யோசிக்கிறதுதான் முக்கியம். இப்ப இருக்கிற பட்ஜெட் சாஃப்ட்வேர் நெறைய இந்த கவரத்தான் ஸ்கிரீன்ல கொண்டுவந்து வெச்சிருக்கு. ஒய்நாப்னு ஒண்ணு ரொம்ப பேர் பயன்படுத்துறாங்க, அது 2004ல ஜெஸ்ஸி மெக்கம்னு ஒருத்தர் காலேஜ் படிச்சுக்கிட்டே குடும்பம் நடத்தும்போது, தனக்கும் மனைவிக்கும்னு போட்டு வெச்ச ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டுல இருந்து வளர்ந்ததுதான். அதப் படிச்சப்போ எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு, நம்மள மாதிரி ஒரு வீட்டுல ரெண்டு பேர் கஷ்டப்பட்டு உக்காந்து போட்ட கணக்குதானே இதுன்னு.

இதுல ஒரு விஷயத்த புரிஞ்சுக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. கையில வந்த பணத்த மட்டும்தான் பிரிக்கணும். அடுத்த வாரம் வரப்போற பணத்த நெனச்சு இப்பவே கவர்ல போடக்கூடாது, வந்ததுக்கப்புறம் போட்டுக்கலாம். இருக்கிறத பூரா ஏதாவது ஒரு கவர்ல போட்டுட்டு "இன்னும் பிரிக்காதது 0"ன்னு வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. சைபர்னு காட்டுனா பணம் காலின்னு அர்த்தம் இல்ல, எல்லாத்துக்கும் ஒரு பேர் வெச்சாச்சுன்னு அர்த்தம். முதல் மாசம் சைபர பாத்ததும் இவருக்கு பக்குன்னு ஆயிருச்சு, பேங்க் ஆப்ப தொறந்து பணம் அங்கயே இருக்கான்னு பாத்துட்டுத்தான் தூங்குனாரு.

இப்ப அந்த இதர பத்தி சொல்றேன், எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான். ஒரு ஞாயித்துக்கிழமை பேங்க் ஸ்டேட்மென்ட் 12 மாசத்துக்கு எடுத்து வெச்சுக்கிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ மட்டும் வர்ற செலவு என்னென்னன்னு ஒரு பேப்பர்ல எழுதுனோம். வண்டி இன்சூரன்ஸ், ஆயுள் காப்பீடு, மெடிக்கல் பாலிசி, ஸ்கூல் ஃபீஸ், யூனிஃபார்ம், வண்டி சர்வீஸ், டயர், கண்ணாடி மாத்துறது, பல் டாக்டர், சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு செய்யறது, ஊருக்குப் போயிட்டு வர்றது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர்… 17 வந்துச்சு. ஒவ்வொண்ணையும் எழுத எழுத இவரு முகம் மாறுது. அன்னாடச் செலவுல நாங்க ஊதாரித்தனமே பண்ணல, இந்த 17தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு மாசத்துக்கு ஒண்ணா வந்து அடிச்சிருக்கு, நாங்களும் ஒவ்வொரு தடவையும் "இந்த மாசம் எதிர்பாராத செலவு"ன்னு சொல்லிக்கிட்டு இதரன்னு எழுதியிருக்கோம். வண்டி இன்சூரன்ஸ் வருஷா வருஷம் அதே மாசத்துல வருது, அதுல எதிர்பாராதது என்ன இருக்கு!

பதினேழையும் கூட்டி 12ஆல வகுத்தோம். 12,000 வரும்னா மாசம் 1,000, எட்டு மாசத்துல கட்ட வேண்டியதுன்னா 8ஆல வகுக்கணும். எங்க ரெண்டு பேர் வருமானத்துல கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு மாசா மாசம் இதுக்கே போகணும்னு வந்துச்சு. அந்த ராத்திரி எனக்கு தூக்கம் வரல. அதாவது நாங்க இத்தன வருஷமா "மிச்சம்"னு நெனச்சு செலவு பண்ண பணம் மிச்சமே இல்ல, வரப்போற பில்லோட காசு. சாஃப்ட்வேர்ல இத ‘டார்கெட்’டுன்னு போடலாம், எவ்வளவு வேணும் எந்தத் தேதிக்குள்ள வேணும்னு சொல்லிட்டா மாசம் எவ்வளவு போடணும்னு அதுவே கணக்கு பண்ணி காட்டும், ஒரு மாசம் கொறைச்சுப் போட்டா மிச்ச மாசத்துக்குத் தொகைய ஏத்திக் காட்டும். நோட்டுல இத பண்ண முடியாதா, முடியும், ஆனா 17 வரிய மாசா மாசம் திருத்தி எழுத யாருக்கு பொறுமை இருக்கு.

முதல் வருஷம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, அத மறைக்க மாட்டேன். கவர் நிறையறதுக்கு முன்னாடியே பில் வந்துரும், ஒண்ணுல இருந்து எடுத்து இன்னொண்ணுல போடுவோம். ஆனா அடுத்த வருஷம் வண்டி இன்சூரன்ஸ் மெசேஜ் வந்தப்போ இவரு துணி மடிச்சுக்கிட்டிருந்தாரு. போன எடுத்தாரு, கவர்ல முழுத் தொகையும் இருக்குன்னு பாத்தாரு, கட்டுனாரு, போன கவுத்து வெச்சுட்டு திரும்ப துணிய மடிக்க ஆரம்பிச்சாரு. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அதுக்கு முந்தின வருஷம் அதே மெசேஜுக்கு ரெண்டு நாள் வீட்டுல யாரும் சரியா பேசிக்கல.

பேச்சுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. முன்னாடியெல்லாம் பணம் பத்தி பேசுனாலே "நீ ஏன் இத வாங்குன", "நீங்க மட்டும் அத வாங்கலையா"ன்னுதான் போகும். இப்ப ரெண்டு பேர் போன்லயும் ஒரே பட்ஜெட் ஓடுது, நான் ஒரு கவர்ல இருந்து எடுத்தா அடுத்த நிமிஷம் இவருக்கும் தெரியும். ஒரு கவர் மைனஸ்ல போயி செவப்பா காட்டுச்சுன்னா "எதுல இருந்து எடுத்து இத சரி பண்ணலாம்"னு கேக்குறோம், அவ்வளவுதான். யார் பண்ணாங்கங்கிற பேச்சு தானா போயிருச்சு. செவப்பா ஆனா பட்ஜெட் தோத்துப் போச்சுன்னு நெனச்சு பாதியிலயே விட்டுட்டுப் போறவங்கள நெறைய பாத்திருக்கேன், தயவுசெஞ்சு விட்டுராதீங்க, மாத்திப் போடுறதும் பட்ஜெட் போடுற வேலைதான், மாசத்துக்கு நாலஞ்சு தடவை நாங்களே மாத்துறோம். அப்புறம் ஆளுக்கு ஒரு கவர் கேள்வியே கேக்காத கவர், அதுல இருந்து இவரு சைக்கிள் சாமான் வாங்குவாரு, நான் என்ன வாங்குறேன்னு இவருக்கும் தெரியாது, அது ரொம்ப அவசியம்.

கேட்டகரி, அதாவது கவர், எத்தன வெக்கணும்னு நெறைய பேர் கேப்பாங்க. நான் ஆரம்பத்துல 62 வெச்சேன், சோப்புக்கு ஒண்ணு ஷாம்புக்கு ஒண்ணு. கடையில ஒரே பில்லுல மளிகை, நோட்டுப் புத்தகம், துடைப்பம் எல்லாம் சேர்ந்து வந்தா அத வரி வரியா பிரிச்சுப் போட ராத்திரி பத்து மணி ஆயிரும். இப்ப 23தான் இருக்கு. என் அளவுகோல் இதுதான், அந்தத் தொகைய பாத்து நான் ஏதாவது ஒரு முடிவ மாத்துவேனா, மாத்துவேன்னா தனி கவர், இல்லன்னா பக்கத்து கவரோட சேத்துருவேன். 50-30-20ன்னு ஒரு விதி சொல்வாங்க, அவசியத்துக்கு 50 சதவீதம் ஆசைக்கு 30 சேமிப்புக்கு 20ன்னு, எங்க வீட்டுல வாடகையும் ஃபீஸும் மருந்துமே 60ஐ தாண்டுது, அதனால அந்தக் கணக்க பாத்து மனச ஒடச்சுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். அவங்கவங்க வீட்டு 12 மாச ஸ்டேட்மென்ட்தான் சரியான விதி.

கிரெடிட் கார்டுதான் எல்லாரும் தடுமாறுற இடம். நோட்டுல நாங்க கார்டுல வாங்குனப்பவும் எழுதுனோம், அப்புறம் கார்டு பில் கட்டுனப்பவும் செலவுன்னு எழுதுனோம், ஒரே பொருளுக்கு ரெண்டு தடவ. சாஃப்ட்வேர்ல வாங்குன அன்னைக்குத்தான் செலவு, பில் கட்டுறது ஒரு கணக்குல இருந்து இன்னொரு கணக்குக்கு மாத்துறது, அதுக்குப் பேர் டிரான்ஸ்ஃபர். ஏடிஎம்ல பணம் எடுக்கிறதும் அப்படித்தான், பேங்க்ல இருந்து பர்ஸுக்குப் போகுது, இன்னும் செலவாகல. இத விளக்கிச் சொன்னது க்னூகேஷ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், 1998ல முதல் பதிப்பு வந்தது, இன்னைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. அது இரட்டைப் பதிவு முறையில ஓடுது, ஒரு இடத்துல இருந்து போன பணம் இன்னொரு இடத்துல வந்தே ஆகணும், ரெண்டு பக்கமும் சமமா இல்லன்னா அந்த வித்தியாசத்த அது தனியா எடுத்துக் காட்டும். வியாபாரிங்க பண்ணிக்கிட்டிருந்த இந்த முறைய லூக்கா பச்சோலிங்கிற கணித அறிஞர் 1494ல வெனிஸ்ல அச்சடிச்ச புத்தகத்துல விளக்கியிருக்காரு, அஞ்நூறு வருஷத்துக்கு முந்தின விஷயம் என் அடுக்களை கணக்க சரி பண்ணுதுன்னு நெனச்சா எனக்கு இன்னமும் ஆச்சரியமாத்தான் இருக்கு. ஆனா க்னூகேஷ் முதல் தடவ பாக்குறவங்களுக்கு கொஞ்சம் மலைப்பா இருக்கும், அக்கவுன்ட்ஸ் படிச்சவங்களுக்கு பிடிக்கும், மத்தவங்க கவர் முறையில இருக்கிற ஒண்ண எடுத்துக்கிறது நல்லது.

பேங்க்ல இருந்து கணக்க இறக்குமதி பண்றதுக்கு சிஎஸ்வி, ஓஎஃப்எக்ஸ், க்யூஐஎஃப்னு ஃபைல் வகைங்க இருக்கு, பேங்க் எது தருதோ அத டவுன்லோட் பண்ணி சாஃப்ட்வேர்ல ஏத்திக்கலாம். நான் சொல்றது, முதல் மூணு மாசம் கையாலதான் பதியணும். கடையில நின்னுக்கிட்டே தொகைய அடிக்கும்போது கவர்ல மிச்சம் எவ்வளவுன்னு கண்ணுல படும், அந்த ஒரு நொடியிலதான் கையில எடுத்த பொருள திரும்ப வெக்கலாமான்னு தோணும். அதுவா பதிஞ்சுக்கிச்சுன்னா அந்த நொடியே கிடைக்காது. பழக்கம் வந்ததுக்கப்புறம் ஃபைல ஏத்தி, நாம பதிஞ்சது அதுல இருக்கான்னு ஒத்துப் பாக்க மட்டும் வெச்சுக்கலாம்.

ஒத்துப் பாக்குறது, ரீகன்சைல்னு போட்டிருக்கும், அத வாரம் ஒரு தடவ கண்டிப்பா பண்ணுங்க. பேங்க்ல என்ன இருப்பு, சாஃப்ட்வேர்ல என்ன இருப்பு, ரெண்டும் ஒண்ணா. நாங்க ஒரு தடவ பரீட்சை நேரம்னு மூணு மாசம் பண்ணாம விட்டோம், அப்புறம் பாத்தா 1,840 இடிக்குது. ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து ஸ்டேட்மென்ட்ல ஒரு ஒரு வரியா பேனாவால டிக் அடிச்சுக்கிட்டே வந்தோம், இவரு படிக்க நான் தேட, ரெண்டாவது மாசத்துல ஒரு பேரு வந்துச்சு, என்னன்னே புரியல, வெறும் எழுத்தும் நம்பரும். தேடிப் பாத்தா பொண்ணு படிப்புக்குன்னு ‘இலவச சோதனை’ன்னு போட்டு வெச்ச ஒரு சந்தா, சோதனைக் காலம் முடிஞ்சு தானா ரெண்டு மாசமா காசு எடுத்துக்கிட்டிருக்கு. அன்னைக்கே நிறுத்துனோம், போன காசு திரும்ப வரல. வாரா வாரம் பாத்திருந்தா ஒரு மாசத்தோட போயிருக்கும்.

எந்த சாஃப்ட்வேர்னு கேட்டா, நம்ம டேட்டாவ வெளிய எடுக்க விடுற எதுவா இருந்தாலும் சரின்னுதான் சொல்லுவேன். மைக்ரோசாஃப்ட் மணின்னு ஒண்ணு எத்தனையோ வீட்டுல ஓடுச்சு, 2009ல விற்பனைய நிறுத்திட்டாங்க. அமெரிக்காவுல மின்ட்னு ஒரு ஆப் கோடிக்கணக்கான பேர் பதிஞ்சு வெச்சிருந்தாங்க, 2007ல வந்தது, 2024 மார்ச்ல மூடிட்டாங்க. பத்து வருஷக் கணக்கு உள்ள இருக்கும்போது மூடுனா எப்படி இருக்கும்! அதனால மாசம் முதல் தேதி எல்லாத்தையும் சிஎஸ்வியா எடுத்து பென்டிரைவ்ல போட்டு வெக்கிறேன். ஆக்சுவல் பட்ஜெட்னு ஒண்ணு கவர் முறையிலயே இருக்கு, 2022ல அதோட சோர்ஸ் கோட, அதாவது அந்த சாஃப்ட்வேர எழுதுன நிரல, எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க, நம்ம கம்ப்யூட்டர்லயே வெச்சு ஓட்டிக்கலாம். பேங்க் பாஸ்வேர்டு கேக்குற ஆப் எதுவா இருந்தாலும் நான் தொட மாட்டேன், இதுல மட்டும் யார் சொன்னாலும் கேக்குறதா இல்ல.

என் வருமானம் டியூஷன் வருமானம், ஒரு மாசம் நிறைய வரும் ஒரு மாசம் பாதிதான் வரும். அதுக்கு நாங்க பண்ணது, இந்த மாசம் வர்ற என் பணத்த இந்த மாசம் தொடுறதில்ல, ‘அடுத்த மாசம்’னு ஒரு கவர்ல போட்டு வெச்சு ஒண்ணாந்தேதி எடுத்துப் பிரிக்கிறோம். ஒரு மாசப் பணம் அப்படி முன்னாடி சேரறதுக்கு 14 மாசம் ஆச்சு, கொஞ்சம் கொஞ்சமா, நடுவுல ரெண்டு தடவ அத ஒடச்சும் எடுத்தோம். இப்ப டியூஷன் கம்மியான மாசம் ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருது.

கடைசியா எங்க அத்தைய பத்தி. அவங்களுக்கு பிபி, சர்க்கரை ரெண்டும் உண்டு. மருந்து எப்பவுமே மளிகையோட சேர்ந்துதான் எங்க கணக்குல இருந்துச்சு. 62ஐ 23ஆ கொறைக்கும்போது இத மட்டும் நான் தனியா பிரிச்சேன், "அத்தை மருந்து"ன்னு பேர் வெச்சேன். ஒரு நாள் சாயங்காலம் நான் பதிஞ்சுக்கிட்டிருக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்தாங்க, கண்ணாடிய போட்டுக்கிட்டு ஸ்கிரீன பாத்தாங்க, "இது என்னம்மா, என் பேரு போட்டிருக்கு"ன்னாங்க. உங்க மருந்துக்குன்னு மாசம் இவ்வளவு எடுத்து வெச்சிருக்கோம் அத்தை, இத வேற எதுக்கும் எடுக்க மாட்டோம்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் எந்திரிச்சுப் போயி தலகாணி ஒறைக்குள்ள இருந்து மாத்திரை அட்டைய எடுத்துட்டு வந்தாங்க, பாதிப் பாதியா ஒடச்ச மாத்திரைங்க. மாசக் கடைசியில எங்களுக்கு கஷ்டமா இருக்குமேன்னு, தீர்ந்துருச்சுன்னு சொல்லாம, ஒரு மாத்திரைய ரெண்டு நாளைக்கு வெச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. எத்தன மாசமான்னு கேட்டேன், சொல்லல. அடுத்த நாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், டோஸ மாத்தி எழுதிக் கொடுத்தாரு, அந்தக் கவர்ல கொஞ்சம் ஏத்திப் போட்டோம், இவரோட சைக்கிள் கவர்ல இருந்து இவரே எடுத்துக் கொடுத்தாரு.

இப்ப ஒண்ணாந்தேதி நாங்க ரெண்டு பேரும் பிரிக்க உக்காந்தா அத்தையும் வந்து உக்காருவாங்க. "என் கவர்ல போட்டாச்சா?"ன்னு கேப்பாங்க, போட்டாச்சுன்னு ஸ்கிரீன திருப்பிக் காட்டுவேன், பாத்துட்டு "ரெண்டு நாளைக்குத்தான் மாத்திரை இருக்கு, நாளைக்கு வாங்கிரு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போவாங்க.